பாக்டீரியா நீந்தும் விதத்தைச் சுவரின் வடிவம் மாற்றுமா?

மாற்றும், நிறையவே மாற்றும். "கண்ணும் மூளையும் இல்லாத ஒரு செல்லுக்குச் சுவர் வளைவா நேரா என்று எப்படித் தெரியும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. தெரியாமலேதான் அது வடிவம் விட்ட வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்துவிட்டு வேலூரில் ஒரு சின்ன லேபில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தவர் எங்கள் நைனா.

புராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்குச் சிறுநீர் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சத்துவாச்சாரி வீட்டில் கட்டிலுக்குக் கீழே பை தொங்கும். ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வந்தது. நைனா படுத்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, ஒண்ணுக்கு மேல இருந்து கீழதானே வருது? கிருமி எப்படிடா கீழ இருந்து மேல ஏறுச்சு?" ஆட்டோவில் வரும்போது பையை மடியில் தூக்கி வைத்ததால் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவும் தப்புதான், பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை.

ஈ.கோலையின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வால்கள் எல்லாம் ஒரே கொத்தாகச் சேர்ந்து சுழலும்போது ஒரு விநாடிக்கு 20, 30 மைக்ரான் போகும். அதாவது தன் நீளத்தைப் போல பத்து மடங்குக்கு மேல். வால்களில் ஒன்றோ சிலவோ எதிர்த்திசையில் சுழன்றால் கொத்து கலைந்துவிடும். செல் ஒரு கணம் தடுமாறி வேறு பக்கம் திரும்பி மறுபடி ஓடும். 1972இல் ஹோவர்ட் பெர்க் என்பவர் பாக்டீரியாவைத் துரத்திக்கொண்டே போகும் மைக்ராஸ்கோப் ஒன்றை அமைத்து, ஓட்டம், தடுமாற்றம், ஓட்டம் என்ற இந்த நடையை அளந்தார்.

அந்த அளவில் தண்ணீர் நமக்குத் தெரிகிற தண்ணீர் இல்லை, கெட்டிப் பாகு மாதிரி. வால் நின்றால் செல்லும் அங்கேயே நின்றுவிடும். வந்த வேகத்தில் ஓர் அணுவின் அகலம்கூடச் சறுக்காது. அதனால் சுவரில் மோதினால் பந்து மாதிரி எகிறி வராது. மோதியபடியே மெல்லத் திரும்பி, சுவரை ஒட்டிக்கொண்டு போகும். தள்ளிவிடும் தண்ணீரே அதைச் சுவரோடு அணைத்தும் வைக்கும்.

ஒட்டிப் போவதும் நேராக இல்லை, வட்டமடிக்கும். வால்கொத்து ஒரு பக்கம் சுழன்றால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழலும். பக்கத்தில் சுவர் இருந்தால் தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் தள்ளப்பட்டு, பாதை வளைந்துவிடும். தண்ணீர்ப் பக்கமிருந்து பார்த்தால் கண்ணாடித் தரையில் வலஞ்சுழி. காற்றோடு சேரும் பரப்பில் அப்படியே இடஞ்சுழி. 2005இல் அகார் என்ற ஜெல்லியால் தரை போட்ட நுண்ணிய கால்வாய்களில் ஈ.கோலையை விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் வலது ஓரமாகவே போயின. காட்பாடி ரோட்டில் நாம் பிடிக்கும் ஒழுங்கைவிட அது தேவலை.

இப்போது வடிவத்துக்கு வருவோம். ஏரிக் கால்வாயில் மீனுக்கு வைக்கும் பறியைப் பார்த்திருப்பீர்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். உள்ளே போவது சுலபம், திரும்பி வரும் மீனுக்கு அந்தச் சின்ன ஓட்டை அகப்படாது. 2007இல் இதே மாதிரி வரிசையாகப் புனல் வைத்த ஒரு சுவரை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக பாக்டீரியாவை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புனல் வழிகாட்டிய பக்கமே கூட்டம் சேர்ந்துவிட்டது. சாப்பாடோ மருந்தோ வைத்து இழுக்கவில்லை. சரிவான சுவரை ஒட்டி வருவது ஓட்டைக்குள் போகிறது. எதிர்ப்பக்கமிருந்து சுவரை ஒட்டி வருவது ஓட்டையை விட்டு விலகிப் போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான்.

நீந்தும் வழியில் நிற்கும் நுண்ணிய தூணும் அப்படித்தான். பருத்த தூணாக இருந்தால் செல் அதையே சுற்றிக்கொண்டு கிடக்கும். மெல்லிய தூண் என்றால் வளைவுக்கு ஈடுகொடுத்துத் திரும்ப முடியாமல் விலகிவிடும். 2010இல் ரம்பப்பல் வைத்த சின்னச் சக்கரத்தை பாக்டீரியாக் கூட்டத்துக்குள் போட்டார்கள். பல்லின் மூலையில் மாட்டியவை எல்லாம் ஒரே பக்கம் தள்ளியதில், நிமிடத்துக்கு ஓரிரு சுற்று என்று சக்கரம் சுற்றியது. பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருந்தால் சுற்றாது.

சரி, நைனாவின் கேள்வி. டியூபின் நடுவில் சிறுநீரின் ஓட்டம் வேகம். சுவரை ஒட்டிப் போகப் போக அது குறைந்து, சுவரிலேயே சுழியம். சுவரை ஒட்டி நிற்கும் செல்லின் நீண்ட வாலை ஓட்டம் கீழ்ப்பக்கம் ஒதுக்கும், தலை தானாக மேல்பக்கம் திரும்பிவிடும். அப்புறம் அது வழக்கம்போல முன்னோக்கி நீந்தினாலே எதிர்நீச்சல்தான். சுவரில் ஒட்டிப் படலமாகப் பெருகி ஏறுவதும் உண்டு. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று கணக்கு. டாக்டர்கள் "சீக்கிரம் எடுத்துடலாம்" என்று அவசரப்படுவது அதனால்தான்.

இந்த எதிர்நீச்சலை மறிக்க 2024இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு ஒன்று டியூபின் உட்சுவரில் முக்கோண முட்டுகளை வைத்துப் பார்த்தது. முட்டின் அளவையும் இடைவெளியையும் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒட்டி ஏறும் செல் முட்டின் முனைக்கு வரும்போது அங்கே ஓட்டம் பலமாக இருப்பதால் கீழே அடித்துப் போகிறது. ஆய்வகச் சோதனையில் மேலே ஏறிய ஈ.கோலை சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. மருந்துப் பூச்சு எதுவும் கிடையாது, வடிவம் மட்டும்தான். ஆனால் இது நோயாளியிடம் பார்த்த கணக்கு இல்லை, ஆய்வகக் கணக்கு.

நீங்களே பார்க்க வேண்டுமா? வைக்கோலை இரண்டு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டின் ஓரங்களில் வாஸ்லின் தடவி, நடுவில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, நடுவில் குழி உள்ள ஸ்லைடின் மேல் கவிழ்த்து மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். முதலில் சொட்டின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள், கூட்டம் அங்கேதான் இருக்கும். (காற்றைத் தேடி வருவதும் அதில் உண்டு, எல்லாப் பழியையும் வடிவத்தின் மேல் போட முடியாது.) நின்ற இடத்திலேயே நடுங்குவது நீச்சல் இல்லை, அது தண்ணீர் மூலக்கூறுகள் இடிப்பது. குறுக்கே கோடு போட்டு ஓடுகிறதே, அதைப் பாருங்கள். வைக்கோல் தண்ணீரின் நாற்றத்துக்கு வீட்டில் கிடைக்கும் திட்டுக்கு நான் பொறுப்பில்லை.