புளி புழங்கும் அடுப்படிக்கு எந்தக் கல்?

தலவாக்கலைப் பக்கம் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “சமையல் மேடைக்குக் கல் போட ஆசை. கடையில் வெள்ளை மாபிளும் கறுப்புக் கிரனைட்டும் காட்டினார்கள். எனக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது. மேசன் பாஸ், அது கறை பிடிக்கும், பேசாமல் டைல் போடுங்கள் என்கிறார். எதை எடுப்பது, எப்படிப் பராமரிப்பது?”

கல்லே போடுங்கள், ஆனால் வெள்ளை மாபிள் வேண்டாம். கறையைக்கூட எப்படியாவது எடுத்துவிடலாம். மாபிளைக் கெடுப்பது புளிப்பு.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கவ்வாத்து வெட்டிய மலையில் டொலமைட் தூள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் அளவுக்கு மீறி ஏறிய அமிலத்தை அது தணிக்கிறது. மாத்தளை, திகனப் பக்கங்களில் வெட்டி அரைக்கும் அந்தக் கல் மாபிளின் இனம்தான். அமிலம் பட்டால் கரைவது அதன் குணம், பலகையாக அறுத்து மேடையில் போட்டாலும் அந்தக் குணம் மாறாது. எலுமிச்சைச் சாறு, கரைத்த புளி, கொறக்கா, வினாகிரி, தக்காளி எது சிந்தினாலும் அந்த இடத்தில் பளபளப்பு போய் மங்கலான வட்டம் விழும். கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருப்பதால் எவ்வளவு துடைத்தாலும் போகாது, மறுபடி பொலிஷ் பிடிக்க வேண்டும். சீலர், அதாவது கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு, பூசினால் தப்பலாம் என்று கடைக்காரர் சொல்வார். சீலர் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது. போதாததற்கு மாபிள் மென்மையானது. எண் கூடக் கூடக் கடினமும் கூடும் மோஸ் அளவில் அது 3, சமையல் கத்தி 5.5 அளவில், கிரனைட் 6 முதல் 7 வரை. நம் சமையலுக்கும் மாபிளுக்கும் ஒத்துவராது.

அதற்காகக் கடையில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி எடுத்துவிடாதீர்கள். ‘கிரனைட்’ என்ற பெயரில் பல கல் விற்கிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் அதே பலகையிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாற்றை அரை மணி நேரம் விட்டுத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கியிருந்தால் அது வேண்டாம். குமிழி வருகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் டொலமைட் வகை மாபிள் குமிழியே காட்டாமல் மெதுவாக அரிபடும். இன்னொரு மூலையில் தண்ணீர்த் துளி, அதன் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்த் துளி. கால் மணி நேரத்தில் கல் கறுத்தால் அது உறிஞ்சுகிற கல், சீலர் கட்டாயம். கறுப்புக் கல்லுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: அசிட்டோன் சேர்ந்த நகப்பூச்சு நீக்கியை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். நாளடைவில் சாம்பல் பூத்துவிடும்.

இந்தச் சோதனைகளில் தேறும் அடர்த்தியான கறுப்புக் கல்தான் உங்கள் வீட்டுக்கு என் முதல் தெரிவு. பெரும்பாலும் அதற்குச் சீலரே தேவைப்படாது. வெளிர் நிறம்தான் வேண்டுமென்றால் வெளிர் கிரனைட் எடுங்கள், ஆனால் மஞ்சளும் எண்ணெயும் சிந்தினால் உடனே துடைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைப் பலகையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள பிசின் சூடான சட்டி பட்டால் கருகும். அதை அறுக்கும் தூசி தொழிலாளியின் நுரையீரலை அழிக்கிறது என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்தது. கிரனைட் தூசியும் நல்லதல்ல. அறுப்பவரிடம் தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வெளியே அறுக்கச் சொல்லுங்கள், முகமூடியும் கொடுங்கள்.

இனி நம் ஊர் ஈரம். கீழ்நாட்டில் இரண்டு நாளில் காய்வது இங்கே வாரக்கணக்கில் காயும். மேடையின் கொங்கிரீட்டைக் குறைந்தது 28 நாள் விட்டுவிட்டுக் கல்லைப் பதியுங்கள். ஈரச் சிமெந்தின் மேல் வெளிர் கல்லைப் போட்டால் அடியிலிருந்து நீர் ஏறித் திட்டுத் திட்டாகக் கறுக்கும், ஓரங்களில் வெள்ளை உப்புப் பூக்கும். சீலரும் அப்படித்தான், ஈரக் கல்லில் பிடிக்காது. உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை, நல்ல தேயிலை வரும் அந்த வறண்ட மாதங்களில் பூசுங்கள். ஊவாப் பக்கத்து வாசகர்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பூசிச் சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்தெடுத்து, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள். பிறகு வருடக் கணக்குப் பார்க்க வேண்டாம், தண்ணீர்த் துளி முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கத் தொடங்கும்போது அடுத்த தடவை பூசினால் போதும்.

20 மில்லிமீற்றர் கிரனைட் சதுர மீற்றருக்கு 54 கிலோ அளவில் இருக்கும். லொறியில் படுக்க வைத்து வளைவுப் பாதையில் ஏற்றினால் விரிசல் விழும், நிமிர்த்திக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும். சின்க்குக்காக வெட்டிய இடத்தின் முன்னும் பின்னும் மிஞ்சும் ஒடுங்கிய பட்டைதான் மேடையிலேயே பலவீனமான பகுதி. அதற்குக் கீழே தாங்கல் இருக்கட்டும், இணைப்பு அங்கே வர விடாதீர்கள். தேங்காயை மேடை விளிம்பில் தட்டி உடைக்கவே கூடாது. மேசையில் பூட்டும் திருவலையை முடிந்தவரை வேறு பலகையில் பூட்டுங்கள்.

அன்றாடத்துக்கு மென்மையான துணி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. கழிவறைக்கு ஊற்றும் அசிட் எதுவும் மேடைக்கு வரக்கூடாது. சிலர் கறுப்புக் கல்லில் தேங்காய் எண்ணெய் தேய்த்து மினுக்குவார்கள். அது பிசுபிசுத்துத் தூசி பிடித்து, சிக்கு வாடை வரும். குளிர்ந்து கிடக்கும் கல்லில் விடிகாலையில் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைக்காதீர்கள், அடியில் மரப்பலகை போடுங்கள்.

எண்ணெய் இறங்கிவிட்டால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் மூடியை எடுத்துக் காயவிட்டால் எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொண்டு உதிரும். ஒரே தடவையில் போகாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் கறை வெயில் படும் இடத்தில் தானே மங்கும். வெயில் எட்டாத மூலையில், வெளிர் கிரனைட்டுக்கு மட்டும், பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் அதே சோடாவைக் குழைத்துப் போடுங்கள். கறுப்புக் கல்லில் அதைப் போட வேண்டாம், நிறம் வெளிறலாம்.