ஏற்றுக்கொண்டோம் என்று மூன்றே நாளில் பதில்: இந்த ஆய்விதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி ஆசிரியை. என் எம்.எட். ஆய்விலிருந்து, வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அறிவியல், கல்வி, மருத்துவம், வரலாறு என்று எல்லாத் துறைக்கும் இடம் தருவதாக ஒரு சர்வதேச ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியது. நம்பி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாளே ஏற்பும், 180 டாலருக்கு இன்வாய்ஸும், பதிப்புரிமைப் படிவமும் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 120 டாலராம். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒருவர், 9,000 ரேண்ட் கொடுத்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழிலேயே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். பணமும் கட்டாதீர்கள், படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றே அந்த இதழுக்கு மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: "என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பதிப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை. இதை வெளியிட உங்களுக்கு அனுமதி இல்லை." உங்கள் ஆய்வு வழிகாட்டிக்கும் ஒரு நகல் போகட்டும். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு என்று அநேகமாகப் பதில் வரும். அதையும் கட்டாதீர்கள், அப்படி ஒரு கடன் உங்களுக்குக் கிடையாது. வந்த மின்னஞ்சல் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

மூன்று நாளில் ஏன் முடியாது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒழுங்கான இதழில் முதலில் ஆசிரியர் படிப்பார். பிறகு அந்தத் துறை தெரிந்த இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பார். அவர்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே படித்துக் குறை எழுதி அனுப்புவார்கள். நீங்கள் திருத்தி அனுப்ப வேண்டும். எல்லாம் முடிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், சில சமயம் ஒரு வருடமும் ஆகும். உங்களுக்கு வந்த ஏற்புக் கடிதத்தில் கட்டுரையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணை அவர்கள் கேட்கவே இல்லையென்றால், யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இது கல்வித் துறையோடு நிற்கும் கேடல்ல. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மருந்தைப் பற்றிய கட்டுரைக்கே இந்தக் கதி.

இனி அவர்கள் காட்டும் முத்திரைகளைப் பார்ப்போம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்பார்கள். அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்று அது சொல்லாது. விண்ணப்பித்தால் எந்தத் தொடர் வெளியீட்டுக்கும் அந்த எண் கிடைக்கும். நம் நாட்டில் தேசிய நூலகமே தருகிறது. இம்பாக்ட் ஃபேக்டர் 7.2 என்று போட்டிருப்பார்கள். ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் அந்த எண்ணைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் என்ற நிறுவனம். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று முன்னால் ஒட்டுச்சொல் சேர்த்து வரும் இம்பாக்ட் ஃபேக்டர்களுக்கு மதிப்பே கிடையாது. கூகுள் ஸ்காலரில் வருகிறது என்பதும் தகுதி ஆகாது. அது ஒரு தேடுபொறி. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல துறைகளையும் ஒரே இதழ் போடுகிறது என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல இதழ்களைக்கூட ஒதுக்கிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்க அறிவியல் கழகம் வெளியிடும் 'சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்' பல்துறை இதழ்தான். இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது. பெயரில் சயின்ஸ் இருந்தாலும் சமூகவியல், மானிடவியல் கட்டுரைகளுக்கும் அதில் இடமுண்டு. எழுதுபவரிடம் ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை. 2006இல் தொடங்கிய 'பிளோஸ் ஒன்' பல்துறைதான். அது கட்டணம் வாங்குகிறது, ஆனாலும் முறையானது. வேறுபாடு எங்கே என்றால், இவற்றில் ஒவ்வொரு துறைக்கும் அந்தத் துறை தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்விக் கட்டுரை கல்வியாளரிடம் போகும். போலி இதழில் ஏரி மீனைப் பற்றிய கட்டுரையும், சர்க்கரை நோயும், பள்ளி வருகைப் பதிவும், காலனிய வரலாறும் ஒரே ஆளின் பெட்டிக்குள் போய், ஒரே நாளில் ஏற்கப்பட்டு வெளியே வரும். சந்தேகப்படும் இதழின் பழைய வெளியீடு ஒன்றைத் திறந்து, கட்டுரைகளின் அடியில் 'பெறப்பட்ட நாள்', 'ஏற்கப்பட்ட நாள்' இரண்டையும் பத்துக் கட்டுரைகளுக்குக் குறித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இடைவெளி ஒரு வாரத்துக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். ஆசிரியர் குழுவில் ஒரு பெயரை எடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு.

அடுத்து அந்த வாட்ஸ்அப் ஆள். இவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஸ்கோபஸ் இதழில் இடம் உறுதி என்று எந்த நேர்மையான ஆசிரியரும் சொல்ல முடியாது. மதிப்பீட்டாளர் நிராகரித்தால் நிராகரித்ததுதான். பிறகு இவர் எப்படி உறுதி தருகிறார்? ஸ்கோபஸ் ஏற்கெனவே நீக்கிவிட்ட இதழின் பழைய பக்கத்தைக் காட்டுவார். அல்லது உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் நகல் இணையதளத்தில் போட்டுவிடுவார். உங்கள் கட்டுரையில் முன்பின் தெரியாத இருவர் பெயரைச் சேர்த்து, அந்த இடங்களை அவர்களிடம் விற்கவும் செய்வார். பணம் தனிநபர் கணக்குக்குப் போகும், ரசீது வராது. கைப்பிரதியை இன்னும் அவருக்கு அனுப்பாமல் இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

நீங்களே சரிபார்க்க இரண்டு இடம் போதும். உயர்கல்வித் துறை அங்கீகரித்த இதழ்களின் பட்டியல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. உங்கள் பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்திலோ நூலகரிடமோ கேட்டால் கோப்பாகவே கிடைக்கும். அதில் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். பெயர் ஒரு சொல்தான் மாறியிருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அச்சுக்கு ஒன்று, மின்பதிப்புக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கத்தைப் பணம் கட்டாமல் திறக்கலாம். அங்கே எந்த வருடம்வரை எடுத்துக்கொண்டார்கள் என்று இருக்கும். பழைய ஆண்டோடு நின்றிருந்தால் அந்த இதழ் உங்களுக்கு உதவாது. நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த போலி இதழ்ப் பட்டியலை யாராவது அனுப்பினால், அவர் அதை 2017 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார் என்பதை நினைவில் வையுங்கள். சுற்றுவதெல்லாம் நகல்கள்.

உயர்கல்வித் துறையின் பட்டியலில் இதழ் இருந்துவிட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் மவுட்டனும் வாலன்டைனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய 4,246 கட்டுரைகள், போலி என்று சந்தேகிக்கத்தக்க 48 இதழ்களில் வந்திருப்பதைக் கண்டார்கள். எளியவர்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அரசு மானியம் எண்ணிக்கைக்குத்தான் கிடைக்கிறது: ஒரு கட்டுரைக்கு ஒரு அலகு, முனைவர் பட்டத்துக்கு மூன்று. அந்தப் பணம் போவது பல்கலைக்கழகத்துக்கு. கட்டுரையைப் படித்துப் பார்த்து யாரும் மானியம் தருவதில்லை. இப்படி எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, பட்டம் முடிப்பதற்குள் ஒன்று வெளியாக வேண்டும் என்று மாணவர்களை விரட்டினால், அவர்கள் இந்த வலையில் விழாமல் வேறெங்கே போவார்கள்? எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

உங்கள் கட்டுரைக்கு 'சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் எஜுகேஷன்', ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் இன் எஜுகேஷன்' போன்றவற்றைப் பாருங்கள். கட்டணம் உண்டா என்பதை அனுப்புவதற்கு முன்பே அவர்களின் பக்கத்தில் படித்துவிடுங்கள். உண்டென்றால் அதற்கு நிதி இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

முதலில் அனுப்பிய இதழிடமிருந்து விலகல் உறுதியாகும்வரை இரண்டு வாரம் பொறுங்கள். பதிலே வராவிட்டால், நீங்கள் எழுதிய மின்னஞ்சலே ஆதாரம். அவர்கள் மீறி இணையத்தில் ஏற்றிவிட்டால், தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆய்வு அலுவலகத்தில் கொடுங்கள். புதிய இதழுக்கு அனுப்பும் கடிதத்தில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, விலகல் மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டு அவர்களாகக் கண்டுபிடித்தால், ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வெளியிட முயன்றதாகக் கருதி நிராகரித்துவிடுவார்கள்.