பணம் கட்டும் முன் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுங்கள், ஐயா

குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, "பொண்ணு பி.சி.ஏ. கடைசி வருஷம். ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில எழுத்தைத் தட்டிக்கிட்டு இருக்கா. இதுல வேலை இருக்குதா? பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டலாமா?" என்று கேட்டீர்கள். வேலை இருக்கிறது, ஐயா.

அவள் பழகுவது எஸ்எஸ்எச் (SSH). எங்கோ இருக்கும் சர்வரை, அதாவது மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சேவை தரும் கம்ப்யூட்டரை, இங்கிருந்தே கட்டளை எழுதி நடத்தும் வழி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருட்டு நடந்த பிறகு, 1995-ல் அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் எழுதியது. அதற்கு முன் இதே வேலைக்கு இருந்த டெல்நெட் என்ற வழியில் பாஸ்வேர்டு தபால் கார்டு போல யாரும் படிக்கும்படி போகும். எஸ்எஸ்எச்சில் எல்லாமே மறையாக்கம் ஆகி, நடுவில் யாரும் படிக்க முடியாதபடிதான் போகும்.

விண்டோஸ் சர்வர், ஆப்பிளின் சின்னக் கம்ப்யூட்டரான மேக் மினி எல்லாம் மவுஸால் நடத்தலாமே என்பீர்கள். தூரத்திலிருந்து முழுத் திரையையும் பார்க்க வேண்டுமென்றால் படம் படமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். எழுத்து மட்டும் என்றால் காட்பாடி ரயிலில் போன் இணையமே போதும். அதனால்தான் அந்த சர்வர்களிலும் எஸ்எஸ்எச் உண்டு.

சரி, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதா? இப்போது வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றிவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒரு மாதம் அதை அவளே நடத்தட்டும். முதலில், பாஸ்வேர்டுக்குப் பதில் உள்ளே நுழைய உதவும் இரண்டு ஃபைல்களான சாவி ஜோடியை உருவாக்க வேண்டும். ரகசியச் சாவி அவள் லேப்டாப்பை விட்டு நகரக் கூடாது. பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போகும். அதன் பிறகு பாஸ்வேர்டு நுழைவை நிறுத்த வேண்டும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சாவி வேலை செய்கிறதா என்று பார்க்காமலே பாஸ்வேர்டை நிறுத்திவிடுவார்கள். வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில், எஸ்எஸ்எச் வழக்கமாக நுழையும் வாசலான 22-ஆம் போர்ட்டை மூடிவிடுவார்கள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். வீட்டில் என்றால் மானிட்டரை மாட்டிச் சரிசெய்யலாம். மும்பையில் இருக்கும் சர்வர் என்றால்? பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலில், அதாவது இன்னொரு கறுப்புத் திரையில், புதிதாக உள்ளே போய்ப் பார்த்த பிறகே மூட வேண்டும். இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் நம்பி சர்வரைக் கொடுப்பார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த வேலையில் இரவு ஷிப்ட் உண்டு. தொடக்கத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ தங்க வேண்டி வரலாம். அதை இப்போதே அவளுடன் பேசிவிடுங்கள்.

எங்கே மாட்டினாள், எப்படி வெளியே வந்தாள் என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் சொல்ல அவளிடம் விஷயம் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பாப்பாவையும் அந்த நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பயிற்சி வேண்டுமா என்று அப்போது பார்ப்போம்.