சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி.: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. சேர ஆசை. வேதியியலும் கணக்கும் நிறைய வரும் என்று பயமுறுத்துகிறார்கள். தாக்குப்பிடிப்பேனா? (மாணவி, தென்காசி)

தாக்குப்பிடிப்பீர்கள். முதல் செமஸ்டர் கொஞ்சம் மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 300 மி.லி. கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். மாங்கனீசு சல்ஃபேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டதும், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். சாக்கடை கலந்து ஆக்சிஜன் செத்துப்போன தண்ணீரில் அது வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்ததும் இதில் கெண்டை பிழைக்காது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலங்கியல் படித்தவருக்கு இந்தத் துறையில் இருக்கும் பலம் இதுதான். பிறகு அமிலம், ஸ்டார்ச், தயோசல்ஃபேட் டைட்ரேஷன். நீலம் மறைகிற அந்தத் துளியில் கையை நிறுத்தப் பழக வேண்டும். பி.ஓ.டி., அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, பார்க்க இன்னொரு குப்பியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து மறுபடி அளப்போம். அதில் வரும் கணக்கு கழித்தலும் வகுத்தலும்தான்.

கணக்கே இல்லை என்று சொல்லமாட்டேன். காற்றில் மாசு பரவுவதைப் படிக்கும்போது அடுக்குக்குறிச் சார்புகள் வரும். புள்ளியியல் இரண்டு வருடமும் கூடவே வரும். இந்தக் கோடையில் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தை எடுத்து மோலாரிட்டி, நார்மாலிட்டி, பி.எச். கணக்குகளை மட்டும் போட்டு முடியுங்கள்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

புதுவைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையம், வெளியூர் போகலாம் என்றால் டெல்லி ஜே.என்.யூ. இவற்றில் புதுவைக்கும் ஜே.என்.யூ.வுக்கும் சி.யூ.இ.டி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பிள்ளையோடு ஒருநாள் நேரில் போய், ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கருவிகள் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, பக்கத்தில் நேற்றைய தேதியிட்ட பதிவேடு இருக்கிறதா என்று கவனியுங்கள். வாசலில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம், "இந்த செமஸ்டரில் எத்தனை நாள் ஃபீல்டு போனீர்கள்?" என்று கேளுங்கள். அவர் யோசித்துத்தான் பதில் சொல்கிறார் என்றால் வேறு இடம் பாருங்கள். தானே அளந்து பார்க்காமல் வாங்கும் எம்.எஸ்சி. பட்டம் வேலைக்குப் போன முதல் வாரமே கைவிட்டுவிடும். பலர் அப்படித் தவித்து நிற்பதைப் பார்த்த வருத்தத்தில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைக்கு எம்.எஸ்சி. போதுமா, எம்.இ. வேண்டுமா?

பொறியாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும், எம்.எஸ்சி.யை வைத்து அதற்கு விண்ணப்பிக்க முடியாது. உங்களுக்கானது சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவி. அதற்கான அறிவிப்பு எப்போதாவதுதான் வரும் என்பதால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்விலும் இது தனிப்பாடம், எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் இருக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: "தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பருவநிலை மாற்றத்தின் தாக்கம்" என்று புராஜெக்ட் தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

ஆறு மாதத்தில் செய்து முடிக்கிற வேலையா இது? உங்கள் ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஆக்சிஜனை அளங்கள். பாசி மண்டிய ஏரியில் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் ஏறும். இரவில் எல்லா உயிரும் சுவாசித்து விடிகாலையில் அளவு மிகக் குறைந்துபோகும். பதினொரு மணிக்கு நிதானமாகப் போய் மாதிரி எடுப்பவர் நோயாளி ஏரிக்கு நல்ல சான்றிதழ் கொடுத்துவிடுவார். மழைக்கு முன்னும் பின்னும் இதையே செய்தால் உருப்படியான ஆய்வு ஆகிவிடும். குப்பியை அந்த ஏரித் தண்ணீராலேயே மூன்று முறை அலசுங்கள். ஆக்சிஜன் குப்பிக்கு மட்டும் ரசாயனத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஆய்வகம் வரை காத்திருந்தால் அளவு மாறிப்போகும்.

கேள்வி: படிப்பை முடித்து ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். எட்டு இடத்தில் எடுக்க வேண்டிய காற்று மாதிரியை மூன்று இடத்தில் எடுத்துவிட்டு, மீதிக்கு எண் போட்டு எழுதச் சொல்கிறார்கள். வேலையும் முக்கியம். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

எழுதாதீர்கள். நாளை கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த ஊர் மக்கள் முன் வைக்கப்படும், திட்டத்துக்கு அனுமதி கேட்கும் அறிக்கை அந்த எண்களின் மேல்தான் நிற்கும். தங்கள் மூச்சுக்காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க அவர்களிடம் கருவி கிடையாது.

சண்டை போட வேண்டியதில்லை. "மூன்று இடம் முடிந்தது, மீதி ஐந்து இடங்களுக்கு எந்தத் தேதியில் போகலாம்?" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேண்டுமென்றே தவறான தரவு கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், கொடுத்த அனுமதியும் ரத்தாகலாம் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. நிறுவனத்துக்கும் இதில் ஆபத்து உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கூடவே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் வேலை தேட ஆரம்பியுங்கள். தேதி, நேரம், இடம், ஃபில்டர் தாளின் எண், கருவியை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் அந்தத் தாளின் எடை, இவற்றை உங்கள் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.