ஆல்புமின் 2.9: பவுடர் டப்பா வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, எடை 50 கிலோ. சினைப்பையில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்து, மூன்று வாரத்தில் மதுரையில் அறுவை சிகிச்சை. ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 2.9 என்கிறார்கள். உறவினர்கள் கறி, முட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்புச் சக்திப் பவுடர் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: பவுடரை வாங்காதீர்கள். முட்டையை நிறுத்தாதீர்கள்.

ஆல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். அது 3.5க்குக் கீழே இருப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாவதும் கிருமித் தொற்றும் அதிகம். அதனால் அடுத்த கீமோவும் தள்ளிப்போகும். சாப்பாடு குறைந்ததால் மட்டும் அது இறங்குவதில்லை. நோயின் அழற்சியும் வயிற்றில் கோத்த நீரும் சேர்ந்து இறக்குகின்றன. உடலிலுள்ள ஆல்புமினில் பாதி மாறவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். ஒரே வாரத்தில் ஏற்றிக் காட்டுகிறேன் என்பவருக்கு உங்கள் அம்மாவின் ரத்தத்தைவிடக் கமிஷன்தான் முக்கியம். அந்த டப்பாக்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மஞ்சள்தூள் மாத்திரை, மூலிகை மாத்திரை என எதைச் சாப்பிட்டாலும் அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில ரத்தப்போக்கைக் கூட்டும். ஆல்புமின் பாட்டிலை ஏற்றச் சொல்லியும் கெஞ்சாதீர்கள். அது உணவுக்கு ஈடாகாது, அறிக்கையில் எண்தான் அழகாகும்.

எடை குறையவில்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம், வயிற்று நீரும் எடைதான். கை மெலிந்து, ரவிக்கையின் கை தொளதொளக்கிறதா என்று பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், அம்மாவின் எடைக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். நன்றாக வெந்த கறி, அயிரை மீன் குழம்பு, சுண்டல், பால், தயிர் எல்லாம் கொடுக்கலாம். சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும் என்பதால் இரண்டு மணிக்கொரு முறை கொஞ்சமாக. பத்தியம் என்ற பெயரில் வெறுங்கஞ்சி வேண்டவே வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு. வாந்தி நிற்காமல், வயிறு முறுக்கி வலித்து, வாயுவும் மலமும் பிரியாமல் இருந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். அப்போது ஒரு வாய்கூட ஊட்டாதீர்கள். 'பாலாவது குடிக்கட்டும்' என்று அத்தை சொன்னாலும் கூடாது. விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எக்கோ, சிடி என்று பக்கம் பக்கமாக எழுதும் மருத்துவர்களாகிய நாங்கள், உணவை மட்டும் 'நல்லா சாப்பிடச் சொல்லுங்க' என்பதோடு முடித்துவிடுகிறோம். அறுவைக்கு முந்தைய இரவே எல்லோரையும் பட்டினி போடும் வழக்கமும் இன்னும் போகவில்லை. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும். மயக்க மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அம்மா மிகவும் மெலிந்திருந்தால், 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்த பின் அறுவை செய்யலாமா என்று அறுவை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.