மெல்போர்னுக்குப் படிக்க வரும் தம்பிக்கு

பிப்ரவரியில் மெல்போர்ன் வருகிறேன், எந்த ஏரியாவில் வீடு எடுத்தால் பயமில்லை, பெப்பர் ஸ்ப்ரே வாங்கி வரட்டுமா, குளிருக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா சரியாகத் தூங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

குளிரை விடுங்கள். பிப்ரவரியில் இங்கே வெயில் காலம், ஜாக்கெட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஏரியாவைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிடித்த வீட்டை முடிவு செய்யும் முன்னால், இருட்டிய பிறகு ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு வரை யாரையாவது கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நேரில் பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

பெப்பர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். தகுந்த காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பதும் குற்றம்தான். தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் இங்கே சட்டம் அதை ஏற்காது. அடி வாங்கியவர் நீங்களாக இருந்தாலும் கேஸ் உங்கள் மேலும் வரலாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் வந்தது 2008 கடைசியில். அடுத்த வருடம் இந்திய மாணவர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டார்கள். ரயிலில் உங்கள் மொழியில் சத்தமாகப் பேசாதீர்கள், லேப்டாப்பையும் ஐபாடையும் வெளியே காட்டாதீர்கள் என்று போலீஸார் எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அடிப்பவனை விட்டுவிட்டு அடிபடுபவனிடம் வாயை மூடு என்பது என்ன நியாயம்? 2009 மே 31 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலமாகப் போய் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் முன்னால் நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். விடியும் முன் போலீஸ் எங்களை அப்புறப்படுத்தியது. 2012இலிருந்து இரவு நேரங்களில் ஸ்டேஷன்களில் காவலர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நாங்கள் சத்தம் போட்டதற்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்போது என்னோடு ஒரே அறையில் விஜயவாடாப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசி ரயிலில் வருவான். ஒரு ராத்திரி கதவைத் திறந்தால், சட்டைக் காலர் முழுக்க ரத்தம், கீழுதடு கிழிந்து தொங்குகிறது, தோளில் பை இல்லை. ஸ்டேஷன் கார் பார்க்கில் மூன்று பேர் வழிமறித்திருக்கிறார்கள். நான் போனை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போலீஸ் வேண்டாம் அண்ணா" என்றான். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்றிருந்த காலம். அதைத் தாண்டி, கணக்கில் வராத சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தான். போலீஸிடம் போனால் விசா போய்விடும் என்று முதலாளி அவனை மிரட்டி வைத்திருந்தார். அந்த முதலாளியும் நம் நாட்டிலிருந்து வந்தவர்தான். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தையல் போட வைத்தேன், புகார் கொடுக்க மட்டும் அவன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அடித்த மூன்று பேரையும் யாரும் தேடவே இல்லை. மறுநாள் வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போய்விட்டான்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, யாருடைய பிடியிலும் மாட்டிக்கொள்ளாமல் இருங்கள். இப்போது வகுப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம், அதைத் தாண்டாதீர்கள். சம்பளம் பேங்க் வழியாக வரட்டும், பே ஸ்லிப் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலையிலிருந்து குற்றம். சம்பளத் தகராறு என்றால், அந்தப் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். "நம்ம ஆளு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி மணிக்குப் பாதிச் சம்பளம் கொடுப்பவர்களை நான் இன்னமும் பார்க்கிறேன். கோயில் விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை.

ஆபத்து என்றால் 000. போன் இலவசம். பதற்றத்தில் ஆங்கிலம் வராவிட்டால் முதலில் "போலீஸ்" என்றும் பிறகு "டமில்" என்றும் சொல்லிவிட்டு லைனிலேயே இருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உடனடி ஆபத்து இல்லை, பர்ஸ் திருடு போனது போன்ற விஷயம் என்றால் போலீஸின் 131 444 எண். திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தாலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். நாம் பதிவு செய்யாத குற்றம் கணக்கிலேயே வராது, கணக்கில் வராத இடத்துக்குக் காவலும் வராது. ராத்திரி ரயிலில் டிரைவர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். பிளாட்பாரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், அவசரத்துக்கு அதை அழுத்தத் தயங்காதீர்கள். பறிக்க வருகிறவனிடம் போனைக் கொடுத்துவிடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். எம்பஸியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மேல் கேஸ் இருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் கட் பண்ணிவிடுங்கள், அது மோசடி.

இத்தனையும் படித்துவிட்டு வரவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பல வருடம் இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வந்தவன். எந்தத் தெருவில் நடப்பது, எப்போது எதிர்ப் பக்கம் மாறுவது என்பதெல்லாம் காலுக்கே பழகிவிட்டது. என் மகள் இப்போது நான் போய்வந்த அதே ரயில் லைனில்தான் காலேஜுக்குப் போகிறாள். அந்த விஜயவாடாப் பையன் பிரிஸ்பேனில் சொந்தமாக வொர்க்ஷாப் நடத்துகிறான், கடையில் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் பே ஸ்லிப் உண்டு.

எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பக்கத்தில் எந்த ஸ்டேஷன், ராத்திரியில் எந்தப் பக்க வாசலில் வெளியே வருவது நல்லது என்று சொல்கிறேன்.