ஷாட்கன் கேள்வி-பதில்: வெளியே வராத காலி ஷெல்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: சுட்ட ஷெல் (தோட்டாவின் காலிக் கூடு) வெளியே வரவில்லை. எந்த மாடல், எத்தனை கிராம் தோட்டா (உள்ளே இருக்கும் குண்டுகளின் எடை), ஷெல் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதியவர்கள் சிலர்தான். இந்த மூன்றும் இல்லாத கடிதங்களை ஓரம் கட்டிவிட்டேன். எதில் கை வைப்பதற்கு முன்பும் தோட்டாக்களை எடுத்துவிட்டு, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய ரெமிங்டன் 1100, 12 போர் (குழல் அளவு). போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) பாதி தூரம்தான் பின்னால் போகிறது. ஷெல் வெளியேறும் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறது. (டாலஸ்)

மேகசின் குழாயின் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) மேல் இருக்கும் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தைப் பாருங்கள். கிழிந்திருக்கும், அல்லது முன்னால் வைத்திருந்தவர் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டிருக்க மாட்டார். அது இல்லாவிட்டால் மருந்து எரிந்து வரும் கேஸ் (வாயு) கசிந்துவிடும், போல்டைத் தள்ள அழுத்தம் போதாது. சில டாலர்தான். இரண்டாக வாங்கி ஒன்றைப் பையில் வையுங்கள். புது ரிங் போட்டும் சரியாகவில்லையென்றால், அது மேக்னம் பேரலா (கனமான தோட்டாவுக்கான குழலா) என்று பாருங்கள். அதில் கேஸ் குறைவாகத்தான் எடுக்கும். லேசான தோட்டாவுக்கு ஒத்துவராது.

கேள்வி: பெனெல்லி எம்2. நண்பர் சுட்டால் ஓடுகிறது, நான் சுட்டால் சிக்குகிறது. 24 கிராம் தோட்டா. (கால்கரி)

துப்பாக்கியைத் தோளில் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் பெனெல்லி கேஸில் ஓடுவதல்ல, பின்னுதைப்பில் ஓடுவது. தோள் தளர்வாக இருந்தால் அந்த உதைப்பு வீணாகிறது. பக்கத்தில் ஷெல் ஹோல்டர், டார்ச் என்று எடை ஏற்றினாலும் இதே கதைதான். புதுத் துப்பாக்கியென்றால் முதல் 100 தோட்டா 32 கிராமில் போகட்டும், அப்புறம் 24-க்கு இறங்குங்கள்.

கேள்வி: மலிவு விலை டப்பாத் தோட்டா சேம்பரிலேயே இறுகிவிடுகிறது. முன்பக்கமிருந்து ராடு விட்டு அடித்து எடுத்தேன். எக்ஸ்ட்ராக்டரை (ஷெல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கியை) அரம் போட்டுக் கூராக்கலாமா?

அடித்தது சுட்ட ஷெல்தான் என்று உறுதியாகத் தெரியுமா? எழுதவில்லையே! சுடாத தோட்டாவை ஒருபோதும் அப்படி அடிக்கக் கூடாது. அரத்தைக் கீழே வையுங்கள். மலிவுத் தோட்டாக்களில் பலவற்றுக்கு அடிப்பாகம் இரும்பு. பித்தளை போல அது சுட்டபின் சுருங்கி விடுபடாது. அதோடு சேம்பரில் துருவும் உருகிய பிளாஸ்டிக்கும் இருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். சேம்பர் பிரஷ்ஷும் சால்வென்ட்டும் போட்டுத் தேயுங்கள். போதாவிட்டால் 0000 நம்பர் ஸ்டீல் வூலால் மெதுவாகத் தேயுங்கள்.

கேள்வி: மாதாமாதம் தாராளமாக எண்ணெய் விடுகிறேன். ஆனாலும் குளிர்காலத்தில் சிக்குகிறது. இன்னும் அதிகம் விடவா? (டொரான்டோ)

வேண்டவே வேண்டாம்! வருஷக்கணக்காக இதைத்தான் சொல்கிறேன். என்னிடம் "கெட்டுப்போன துப்பாக்கி" என்று வருபவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் குளித்தவை. கேஸ் ஓட்டத்தில் கரி படியும். அந்தக் கரியோடு எண்ணெய் சேர்ந்தால் கறுப்புச் சேறு. குளிரில் அது பசை மாதிரி கெட்டியாகிவிடும், போல்ட் நகர மறுக்கும். இன்னொரு இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை. 1100, எம்2 போன்றவற்றில் போல்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங், தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. குழல்வாய் மேல்நோக்க அலமாரியில் நிறுத்தினால் விட்ட எண்ணெய் எல்லாம் பின்னால் வழிந்து அங்கே போய்ச் சேரும். மரக்கட்டையையும் ஊற வைக்கும். கட்டையைக் கழற்றி அந்த ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினால் சொந்தக்காரரே முகம் சுளிப்பார். துரு வேறு. சரி, என்ன செய்வது? எல்லாவற்றையும் சால்வென்ட்டில் கழுவி, துணியால் உலரத் துடைத்து, போல்ட் உரசும் இடங்களில் ஒரு சொட்டு. விரலால் தேய்த்தால் பளபளப்புத் தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. பிஸ்டன் (கேஸ் தள்ளும் பாகம்) ஓடும் மேகசின் குழாயின் மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்து பிரவுனிங் ஆட்டோ-5, 16 போர். ஒவ்வொரு ஷெல்லும் வாசலில் சிக்குகிறது. (நியூ ஜெர்சி)

சுடுவதை நிறுத்துங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய 16 போர் ஆட்டோ-5-களின் சேம்பர் சுமார் 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைப்பது 70. உள்ளே போய்விடும், ஆனால் சுட்டபின் வாய் விரிய இடமிருக்காது. அழுத்தமும் ஏறும். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள். சேம்பர் நீளம் சரியென்றால் மட்டும் உராய்வு வளையத்தை (பேரல் பின்னால் வரும் வேகத்தைக் குறைக்கும் வளையத்தை) பாருங்கள். கனமான தோட்டாவுக்கான வரிசையில் வைத்து லேசான தோட்டா சுட்டாலும் சிக்கும். லேசான தோட்டாவுக்கான வரிசையில் வைத்து கனமான தோட்டா சுட்டால் இன்னும் மோசம், முன்கட்டையே விரிசல் விடும்.

கேள்வி: ஒரு தோட்டா 'புஸ்' என்று வெடித்தது, ஷெல் வரவில்லை. கையால் இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடலாமா?

கூடாது. வாடு (தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுகளுக்கும் இடையே இருக்கும் அடைப்பு) பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 12 போரில் தவறி விழுந்த மஞ்சள் நிற 20 போர் தோட்டாவும் இப்படித்தான் நடுவழியில் நிற்கும். பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் பேரல் கிழியும், கையும் போகும்.

கேள்வி: எனக்கு நேரெதிர். ஷெல் 15 அடி தாண்டிப் போய் விழுகிறது. நல்லதுதானே?

இல்லை. தோட்டா கனம் அதிகம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. போல்ட் பின்னால் போய் அடிக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.